டச்சு மண்ணில் – 5: பூஜ்யம் இருக்கும் ஊர்

சென்ற வாரம் தி ஹேக்கில் இருந்தோம். நாடாளுமன்றம், அமைச்சகங்கள், உச்ச நீதிமன்றம், அரசரின் அலுவலக அரண்மனை, அயல்நாட்டுத் தூதரகங்கள் எல்லாம் அங்கேதான். அங்கிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஆம்ஸ்டர்டாம். நாட்டுக்குத் தலைநகர் இதுதான், ஆனால் இது இருக்கும் வடக்கு ஹாலந்து மாகாணத்துக்குத் தலைநகர் பக்கத்து ஊரான ஹார்லெம்! அரசியல் சட்டத்தின் 32-வது பிரிவு, புதிய அரசர் உறுதிமொழி எடுக்க வேண்டிய இடமாக ஆம்ஸ்டர்டாமைச் சொல்கிறது. ஆட்சியே நடக்காத ஓர் ஊரைத் தலைநகர் என்று ஒரு நாடு எதற்காகக் கொண்டாடுகிறது? இந்தக் கேள்வியோடுதான் வாட்டர்லோபிளேன் மெட்ரோ நிலையத்தில் இறங்கினேன்.

மேலே வந்தால் நகர மன்றமும் ஆப்பரா அரங்கமும் சேர்ந்த பெரிய கட்டடம். ஸ்டோப்பெரா என்கிறார்கள். அதற்குள் மூன்று கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் நிற்கிறது. ஐமாய்டன் கரையில் இந்த நேரத்தில் கடல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் முதல் குழாயின் நீர். இரண்டாவது, தென்மேற்கே ஃப்ளிஸ்ஸிங்கன் கடலைக் காட்டுகிறது. ஓதம் ஏற ஏற இவையும் ஏறுகின்றன. மூன்றாவது குழாயில் நீர் அசைவதே இல்லை. அண்ணாந்து பார்க்க வேண்டும்: 4.55 மீட்டர். 1953 பிப்ரவரி 1 அன்று ஜீலாந்தில் கரைகளை உடைத்துக்கொண்டு வந்த கடலின் உயரம் அது. அந்த வெள்ளம் நெதர்லாந்தில் 1,836 உயிர்களைக் கொண்டுபோனது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் அந்தக் குழாயின் அடியில் போய் நின்று, தன் தலையிலிருந்து தண்ணீர் மட்டம்வரை கையால் அளந்து பார்த்தான். கை எட்டவில்லை.

கீழே இறங்கினால் ஒரு பித்தளைக் குமிழ். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதன் தலைதான் பூஜ்யம். ஆம்ஸ்டர்டாம் மட்டம் என்று பெயர். நாட்டின் எந்த அணையும், மதகும், பாலமும், வீட்டு வாசலும் எவ்வளவு உயரம் என்று கேட்டால், இந்த மட்டத்துக்கு மேலே இவ்வளவு அல்லது கீழே இவ்வளவு என்றுதான் பதில் வரும். நான் விமானத்தில் வந்திறங்கிய ஸ்கிபோல் இதற்கு மூன்று மீட்டருக்கும் கீழே. 1675-இல் பெருவெள்ளம் வந்த பிறகு, கணித மேதையும் நகரத் தலைவருமான யோஹன்னஸ் ஹுட்டே, கரையின் உயரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கல்லில் பொறித்து மதகுகளில் பதிக்க வைத்தார். ஊர்க் கணக்காக இருந்த அந்த மட்டத்தை 1818-இல் முதலாம் வில்லெம் நாட்டுக்கே அளவாக்கினார். இன்று ஐரோப்பாவின் பொது உயர அளவும் இதையொட்டியே அமைந்திருக்கிறது. நிலத்தில் கால்வாசி கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நாட்டுக்கு இதைவிட முக்கியமான இடம் வேறு எது?

வெளியே வந்து சாலையைக் கடந்தால் யோனாஸ் டேனியல் மையர் சதுக்கம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கும் துறைமுகத் தொழிலாளியின் வெண்கலச் சிலை. 1941 பிப்ரவரியில் நாஜிகள் இந்த இடத்தில்தான் நானூறுக்கும் மேற்பட்ட யூத இளைஞர்களை வளைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். 25-ஆம் தேதி காலை டிராம்கள் ஓடவில்லை. துறைமுகம், தொழிற்சாலை, அலுவலகம் என்று வேலைநிறுத்தம் பரவி, மறுநாள் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. அப்படி எழுந்து நின்ற ஊராலும் யூதர்களைக் காப்பாற்ற முடியவில்லை. கொஞ்சம் தள்ளி, வேஸ்பர் தெருவில் 2021-இல் திறந்த பெயர்ச் சுவர் இருக்கிறது. கொல்லப்பட்ட 102,163 யூதர்கள், ரோமா, சிந்தி மக்களின் பெயர்கள், செங்கல்லுக்கு ஒருவராக. ஒரே குடும்பப் பெயர் வரிசையாக நீண்டுகொண்டே போகிறது. ஒரு செங்கல்லில் பிறந்த தேதிக்கு அருகே இறந்தபோது வயது மூன்று என்றிருந்தது. அதற்கு மேல் என்னால் படித்துக்கொண்டு போக முடியவில்லை.

நான் போன நாள் மே 4, போரில் இறந்தவர்களை நாடே நினைக்கும் நாள். மாலையில் டாம் சதுக்கத்துக்கு நடந்தேன். அரண்மனையாக நிற்கும் கட்டடம் வணிகர்கள் கட்டிய நகர மண்டபம். சேற்று நிலத்தில் 13,659 மரத்தூண்களின் மேல் எழுப்பியது. 365-க்கு முன்னால் 1, பின்னால் 9 என்று குழந்தைகளுக்கு அந்த எண்ணைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1808-இல் நெப்போலியனின் தம்பி லூயி அதை அரண்மனையாக்கிக்கொண்டார். பக்கத்தில் நியூவே கெர்க் தேவாலயம். 2013-இல் வில்லெம் அலெக்சாண்டர் இங்கேதான் உறுதிமொழி எடுத்தார். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தி ஹேக்கிலிருந்து கிளம்பி வந்து எதிரே உட்கார, கிரீடம் மேசையில் இருந்தது. இங்கே அதை யார் தலையிலும் சூட்டும் வழக்கமில்லை. அதிகாரம் தன் ஊரை விட்டு வந்து, இங்கே வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எதிரே 22 மீட்டர் உயரத் தேசிய நினைவுத்தூண். மாகாணங்களிலிருந்தும் அன்றைய டச்சு இந்தியத் தீவுகளிலிருந்தும் கொண்டுவந்த மண் அதன் கலசங்களில் இருக்கிறது. அரசர் மலர் வளையம் வைத்தார். எட்டு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். டிராம்கள் நின்றன, ஆயிரக்கணக்கானோர் நின்ற இடத்தில் நின்றார்கள்.

மறுநாள் ஓஸ்டர்பார்க் போனேன். அடிமை முறைக்கான தேசிய நினைவுச்சின்னம் அங்கே இருக்கிறது. 2023 ஜூலை 1 அன்று அரசர் அதே பூங்காவில் மன்னிப்புக் கேட்டார். சுரினாமுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் ஆண்டுதோறும் அங்கே கூடுகிறார்கள். நான் நினைத்தது வேறு ஆட்களையும் சேர்த்து. ஆம்ஸ்டர்டாமில் கூடி முடிவெடுத்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான், பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பஞ்சத்தில் அடிபட்ட ஆயிரக்கணக்கான தமிழர்களை வாங்கி இலங்கைக்கும் பதேவியாவுக்கும் கப்பலேற்றியது. அவர்களுக்காகக் கூடுகிறவர்களை நான் எங்கேயும் பார்க்கவில்லை. நினைவுகூரத் தெரிந்த இந்த ஊர், அவர்களையும் பெயர் சொல்லி நினைக்க வேண்டும். நம் கரையிலும் நாம் அதைச் செய்ய வேண்டும்.

(அடுத்த வாரம்: கடலடியாக இருந்து வயலான ஃப்ளேவோலாந்து)