குளியலறைக்கு எந்த நிறம்?

அகரத்தில் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு வர்ணம் பூச எண்ணினோம். இளம்பச்சை வேண்டும் என்றார் அத்தா. மதீனாவின் குப்பாவுக்குரிய நிறத்தைக் கழிப்பிடமும் சேர்ந்த அறையில் பூசலாமா எனத் தயங்கினார் அம்மா. அக்குப்பாவுக்கே பச்சை பூசப்பட்டது 1837இல், உதுமானியர் ஆட்சியில்தான். மார்க்கம் இங்கே கேட்பது நிறத்தையன்று, தூய்மையை.

ஆயினும் பச்சையை விட்டோம், காரணம் வேறு. ஃபஜ்ருக்கு ஒளு செய்ய விடியுமுன் எழும் நன்னிக்குக் கண்புரை. முதிய கண்ணுக்கு நீலமும் பச்சையும் எளிதில் பிரிந்து தெரிவதில்லை. சுவரும் தரையும் ஒரே நிறமாயின் விளிம்பும் புலப்படாது. ஆகவே கருந்தரைக்கு மேல் வெண்சுவர், கைப்பிடிக்கு அடர்சிவப்பு. வெண்சுவரில் பாசியும் அழுக்கும் ஒளிந்திருக்க இயலாது.

அலங்காரச் செலவு வீண்விரயமாகலாம். முதியவர் வழுக்கி விழாமல் தொழுகைக்குச் செல்ல உதவும் செலவு, இன்ஷா அல்லாஹ், நன்மையாகவே எழுதப்படும்.