மாமி இறங்கிய ஊர்

எங்கள் வீட்டில் பயணம் என்றால் முதலில் பட்டியல்தான். எத்தனை மணிக்கு ரயில், எங்கே சாப்பாடு, எங்கே தொழுகை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று என் வீட்டுக்காரர் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். 2024 பிப்ரவரியில் உறவுக்காரர் வீட்டுத் திருமணத்துக்காகக் காயல்பட்டினத்திலிருந்து கொழும்பு போயிருந்தபோதும் அப்படித்தான். "ஒரு நாள் கண்டி" என்று தலைப்பே போட்டிருந்தார். காலை ரயிலில் போய், ஏரியைச் சுற்றி, பேராதனைப் பூங்காவைப் பார்த்துவிட்டு மாலை ரயிலில் திரும்பிவிடவேண்டும். சீட்டுகூட எடுத்தாயிற்று.

அந்தத் தாளில் மாமியை எழுத மறந்துவிட்டார்.

மாமிக்கு அப்போது 68 வயது. அவர்களுடைய வாப்பா கண்டிப் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருந்து, 1960களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். கடை எந்தத் தெருவில் இருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கண்டி என்ற பெயர் மட்டும் மாமியின் காதில் தங்கிவிட்டது.

கொழும்புக் கோட்டையிலிருந்து ரம்புக்கனை வரை ரயில் சமவெளியில் ஓடுகிறது. அதன்பிறகுதான் மலையேற்றம். 1867இல் கண்டிக்கு வந்து சேர்ந்த பாதை இது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். கடுகண்ணாவை வருமுன் ஜன்னலுக்கு வெளியே பத்தலேகல என்ற மலை மேசை போல எழுந்து நிற்கிறது. எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள்தான் அதைக் காட்டினார்கள். கையில் மருந்துப் பை, தலையில் வெள்ளை முக்காடு. கொழும்பில் மகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள்.

"அந்தப் பக்கம் உதுவன்கந்தை மலை. சரதியல் இருந்த இடம்" என்றார்கள். பணக்காரர்களிடம் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தவன் என்று சிங்கள மக்கள் இன்றும் பேசும் கொள்ளைக்காரன் அவன். அவனுடைய உயிர்த்தோழன் மம்மாலி மரைக்கார் என்ற முஸ்லிம். 1864 மார்ச் 21இல் மாவனல்லையில் அவர்களைப் பிடிக்கப் போனபோது சபான் என்ற காவலர் சுடப்பட்டு இறந்தார். அவர் மலாய் முஸ்லிம். அதே ஆண்டு மே மாதம் இருவரையும் கண்டியில் தூக்கிலிட்டார்கள். "கள்ளனும் நம்மாளு, பொலிஸும் நம்மாளு" என்று அந்த அம்மாள் சிரித்தார்கள். மாமிக்கு அந்தச் சிரிப்பு பிடித்துப்போயிற்று. கண்டி வருவதற்குள் இருவரும் மருந்துப் பைகளைத் திறந்து மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

நிலையத்தில் இறங்கியதும் மாமி கேட்ட முதல் கேள்வி, "லுஹர் எங்கே தொழுறது?" ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை. பெண்களோடு பயணம் செய்கிறவர்களுக்குத்தான் ஒளுச் செய்ய ஒரு மறைவான இடம், விரிக்க ஓர் இடம் என்ற கவலை. தாளில் "பள்ளிவாசல்" என்று மட்டும் எழுதியிருந்தது.

"எங்கட ஊட்டுக்கு வாங்கோ. அக்குறணை மிச்சம் தூரமில்ல, பஸ் இருக்கி. தொழுதிட்டு சோறு தின்னுட்டுப் போகலாம்" என்றார்கள் அந்த அம்மாள். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் மாமி பஸ்ஸில் ஏறியாயிற்று.

கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து மாத்தளைச் சாலையில் போனால், கண்டியிலிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் அக்குறணை. மிளகு, கராம்பு வியாபாரம் பெயர்பெற்ற ஊர். இறங்கியதுமே மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. மூன்று அரபிகள் வந்து கண்டி அரசனுக்காகப் போரிட்டு, பரிசாக இங்கே நிலம் பெற்றுக் குடியேறினார்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். அது செவிவழிக் கதை. ஆனால் 1626இல் போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களை விரட்டியபோது அடைக்கலம் கொடுத்தவன் கண்டி அரசன் செனரத் என்பது வரலாறு.

அந்த வீட்டின் மருமகள் என்னைத் "தாத்தா, தாத்தா" என்று அழைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இலங்கை முஸ்லிம்களிடம் மூத்த சகோதரிக்குத் தாத்தா என்று பெயராம். நம் பக்கம் ராத்தா. சோறு ஒரே சவனில் வந்தது. மூன்று பேர் சுற்றி உட்கார்ந்தோம். நம் ஊர்க் களரிச் சாப்பாட்டைப் போலவே இருக்கிறதே என்று மாமி கண் கலங்கினார்கள். பிறகு கித்துள் கருப்பட்டியில் செய்த வட்டிலப்பம். அதைப் பற்றி எழுதினால் பக்கம் போதாது.

சாப்பிட்ட பிறகுதான் 2018 மார்ச் பற்றிப் பேச்சு வந்தது. திகனையில் தொடங்கிய கலவரம் இரண்டொரு நாளில் அக்குறணைப் பக்கமும் பரவி, பள்ளிவாசல்களும் கடைகளும் எரிந்த நாட்கள். அவசரகாலச் சட்டம் போடப்பட்டிருந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார்களாம். "பக்கத்து ஊட்டுச் சிங்கள நோனா வந்து புள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவங்கட ஊட்டுல வச்சிக்கிட்டா" என்று அந்த அம்மாள் சொன்னார்கள். சற்று நேரத்தில் அந்தப் பெண்மணியே ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, மாமிக்குச் சிங்களம் தெரியாது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

மாலை ரயில் கண்டியை விட்டுப் புறப்பட்டபோது நாங்கள் அங்கேதான் இருந்தோம். தாளை மடித்து வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் அந்த வீட்டு நானாவோடு மிளகு விலை பேசிக்கொண்டிருந்தார். ராத்திரி அங்கேயே தங்கும்படி ஆயிற்று.

மறுநாள் காலை நானாவே கண்டிக்குக் கூட்டிப் போனார். அறிஞர் சித்தி லெப்பை 1838இல் பிறந்த ஊர் இது. 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தொடங்கியவர் என்று நமக்குத் தெரியும். பெண் பிள்ளைகளுக்கென்று கண்டியில் பள்ளி வைத்து, தம் சகோதரி முத்து நாச்சியாவையே தலைமை ஆசிரியையாக்கினார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்னால்! நம் ஊர்களில் அப்போது பெண் பிள்ளை கையில் எழுதுகோலைக் கொடுத்தால் கடிதம் எழுதிக் கெட்டுப்போவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தோள் கொடுத்த ஒராபி பாஷா எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டவர். 1892 முதல் 1901 வரை இங்கேதான் இருந்தார். ஹல்லொலுவ சாலையில் அவர் குடியிருந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்தோம்.

பேராதனைப் பூங்காவைப் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரருக்கு இன்றும் அந்தக் குறை உண்டு. மாமிக்கு வாப்பாவின் கடை கிடைக்கவில்லை. அதை அவர்கள் தேடவும் இல்லை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்தது. கண்டி மாவட்டத்தில் மலை சரிந்து பலர் இறந்த செய்தி வந்தபோது மாமி தொலைக்காட்சியை விட்டு எழுந்திருக்கவில்லை. "அவங்க பேரைக்கூட நான் கேட்டுக்கலையே, ராத்தான்னே கூப்பிட்டுட்டேனே" என்று அழுதார்கள். முகவரி வாங்கவேண்டும் என்று எனக்கும் தோன்றியிருக்கவில்லை. முன்யோசனை இல்லாமல் போன பயணத்தின் குறை அன்றுதான் உறைத்தது.

என் வீட்டுக்காரர் எழுந்துபோய்ப் பழைய கைப்பையைத் துழாவினார். "ஒரு நாள் கண்டி" தாள் கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் மிளகு விலையும், அதன் கீழே நானாவின் கடைத் தொலைபேசி எண்ணும் இருந்தன.

மூன்று நாள் இணைப்பே கிடைக்கவில்லை. நான்காம் நாள் நானாவே எடுத்தார். கடைக்குள் இடுப்பளவு தண்ணீராம், மிளகு மூட்டைகள் போய்விட்டனவாம். ஆட்களுக்கு ஒன்றும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். பக்கத்து வீட்டு நோனாவின் சுவர் விழுந்ததால் அவர்கள் குடும்பம் இவர்கள் வீட்டில்தான் இருக்கிறதாம்.

மாமி போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். முதலில் பெயரைக் கேட்டார்கள்.