கட்டத்துக்குள் ஒரு மீன்கொத்தி

ஜூன் 3

கைப்பேசியில் எடுத்த வெண்மார்பு மீன்கொத்திப் படத்தை, கிராஸ் ஸ்டிச் சார்ட்டாக மாற்றித் தரும் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் நிறம் கேட்கிறது. இறக்கை முழுக்க ஒரு கட்டம் ஒரு நீலம், பக்கத்துக் கட்டம் வேறொரு நீலம். அத்தனைக்கும் நூலை மாற்றி மாற்றிக் கோத்தாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே நீலம்தான் தெரியும். இந்தப் பறவையில் எது இருந்தே தீரவேண்டும், எதை விட்டுவிடலாம் என்று பறவையைப் பார்த்தவர்தான் சொல்லமுடியும். கட்டம் போட்ட நோட்டை எடுத்துவிட்டேன்.

ஜூன் 5

துணி 14 கவுண்ட் ஐடா, அங்குலத்துக்கு 14 கட்டம். நாலு அங்குல அகலம், ஐந்து அங்குல உயரம் என்றால் 56-க்கு 70. இதற்குள் பறவை அடங்கவேண்டும்.

தலைக்கும் வயிற்றுக்கும் சாக்லேட் பழுப்பு, முதுகுக்கும் வாலுக்கும் இரண்டு நீலம், அலகுக்கும் காலுக்கும் சிவப்பு, கொஞ்சம் கறுப்பு. மார்புக்கு நூலே வேண்டாம். வெள்ளைத் துணியை அப்படியே விட்டு, ஓரத்தில் ஒற்றை இழையில் சாம்பல் நிற பேக் ஸ்டிச் ஓட்டினால் போதும்.

ஜூன் 8

இன்று முழுக்க முதுகு வளைவு. கட்டத்தில் வளைவு கிடையாது, படிகள்தான் உண்டு. முதல் வரிசையில் 5 கட்டம் நகர்ந்து, அடுத்து 3, அப்புறம் 2, 1, 1 என்று இறங்கினால் கண் அதை வளைவாக ஏற்றுக்கொள்கிறது. அதையே 5, 2, 3, 1 என்று போட்டால் முதுகில் ஒரு புடைப்பு. அலகு நேர்கோடு, அதற்கு இரண்டு கட்டத்துக்கு ஒரு படி, கடைசிவரை மாறக்கூடாது.

கண்தான் எனக்குப் பிடித்த இடம். பழுப்புத் தலையில் கறுப்புக் கண் எட்ட நின்று பார்த்தால் தெரிவதே இல்லை. நாலு கறுப்புக் கட்டத்தில் மேல் இடது மூலை ஒன்றை மட்டும் வெள்ளையாக்கினேன். பறவை உடனே முழித்துக்கொண்டது! அந்த வெள்ளையை ஒரு கட்டம் கீழே இறக்கினால் தூங்கி வழிகிறது.

ஜூன் 12

கண்ணையும் அலகையும் மட்டும் துண்டுத் துணியில் தைத்துப் பார்த்தேன். தாளில் வரைந்தது நூலில் வேறாகத்தான் நிற்கும். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் பாஸ்டாக் 1598-இல் தைத்த மாதிரித் துணி இருக்கிறது. பூ, விலங்கு, கரை வேலை என்று பலதும் அதில் உண்டு. மாதிரியைத் தாளில் மட்டுமல்ல, துணியிலேயே சேர்த்து வைப்பதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

நூல் கணக்கும் போட்டாயிற்று. கண்டு ஒன்று 8 மீட்டர், ஆறு இழை. இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர். ஒரு தையலுக்கு முன்னும் பின்னுமாக ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் போகிறது. நுனி வீணாவதைக் கழித்தாலும் நிறத்துக்கு ஒரு கண்டு தாராளம்.

ஜூன் 14

நடுக்கட்டத்தைக் குறித்துவிட்டேன், நாளை அங்கிருந்து தொடங்கலாம். சார்ட்டைப் பார்த்த அக்கா மகள் கருப்பு வெள்ளை மீன்கொத்தி வேண்டும் என்கிறாள். நிறத்தை மாற்றிக் கொடுத்தால் ஆகாது. அதற்குக் கொண்டை உண்டு, அலகு கறுப்பு. தலையிலிருந்து புதிதாக வரையவேண்டும்.