மாடிக்குப் படி எங்கே?

அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்த அக்கா மகன், தன் சிநேகிதனைப் பற்றிச் சொல்லும்போது, "அவன் பிக் லீகுக்குப் போயிட்டான் மாமா" என்றான்.

"எந்தக் கட்சிப்பா அது?" என்றேன். தலையில் அடித்துக்கொண்டு விளக்கினான்.

பேஸ்பால் பாஷையாம். அங்கே உச்சியில் 2 லீக், மொத்தம் 30 டீம். அதற்குக் கீழே மைனர் லீக் என்று படிப்படியாகச் சின்ன டீம்கள். நன்றாக ஆடினால் மேலேயிருந்து அழைப்பு வரும். அதனால் வக்கீல், டாக்டர், யார் உச்சிக்குப் போனாலும் 'பிக் லீக்'. நம்மூரில் 'பெரிய இடம்' என்றால் பெண் வீட்டு வசதியைத்தானே சொல்கிறோம்!

ஈட்டி எறிந்துகொண்டிருந்த உ.பி. பையன்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் 2008-ல் ஒரு டி.வி. போட்டியில் தேறி, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் டீமில் ஒப்பந்தமானார்கள். ஆனால், மைனர் லீகோடு சரி. அவர்கள் கதை 2014-ல் ஹாலிவுட் படமானது. மியூசிக் நம்ம ரஹ்மான்! படம் பெரிய லீக். பையன்கள் சின்ன லீக். அமெரிக்கப் பையன் பள்ளிக்கூட வயசிலேயே ஏற ஆரம்பிக்கிற படியில், இவர்கள் வாலிப வயசில் கால் வைத்தால்?

சேலம் பக்கம் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். டென்னிஸ் பந்தில் ஆரம்பித்து, தமிழ்நாடு பிரீமியர் லீக், ஐ.பி.எல். என்று ஏறி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். அதோடு விடவில்லை. சொந்த ஊரிலேயே ஒரு மைதானம் அமைத்து, 2023-ல் அது திறக்கவும் பட்டுவிட்டது. படியின் அருமை ஏறினவருக்குத்தானே தெரியும்!

எங்கள் திருவேட்டக்குடியிலும் டென்னிஸ் பந்துக்குப் பஞ்சமில்லை. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. புதுச்சேரிக்கோ 2018 வரை சொந்த ரஞ்சி டீமே கிடையாது. இப்போது உண்டு. ஆனால், செலக்‌ஷனுக்குப் புதுச்சேரி போக வேண்டும். சுமார் 130 கிலோமீட்டர், நடுவில் தமிழ்நாடு!

கடலுக்குப் போகிற ஒருவரிடம், "பையன் நல்லாப் போடுறானே, அழைச்சிக்கிட்டுப் போகக் கூடாதா?" என்றேன்.

"ஒரு நாள் செலக்‌ஷனுக்கு ரெண்டு நாள் தொழில் போவுதுண்ணே. பஸ்ஸுக்கு வேற காசு..." என்றார்.

பையன் உச்சிக்குப் போனால் கட்-அவுட் வைக்க ஊரே வரும். முதல் படிக்குப் பஸ் சார்ஜ் கொடுக்கத்தான் ஆளைக் காணோம்!