பாட்டி கையில் சீப்புப் பல்

1998-ல் நடந்த கல்யாணம். அந்த வீடியோ கேசட் இருபது வருஷம் பீரோவுக்குள் கிடந்தது. மகன் காலேஜில் சேர்ந்த பிறகு அதைக் கணினியில் ஏற்றி, மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. ஒயரில் எல்.சி.டி. டிவியோடு இணைத்துப் போட்டுக் காட்டினான். மண்டபத் தூண், வாழைமரம் எல்லாம் சுத்தம். பாட்டி ஆரத்தி சுற்றும்போது மட்டும் கையின் ஓரமெல்லாம் சீப்புப் பல்! "கேசட் போயிடுச்சு போலடா" என்றார் அம்மா. பாட்டி நடமாடுவது பதிவாகியிருப்பது அதில் மட்டும்தான், மற்றதெல்லாம் போட்டோ.

கேசட் போகவில்லை. நம்மூர் பழைய வீடியோ பால் முறை. நொடிக்கு 25 படம் என்பார்கள், அது பாதி உண்மை. ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாக வரும். ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் இன்னொரு தடவை. ஆக, நொடிக்கு 50 பாதிகள். இதற்குத்தான் இன்டர்லேஸ் என்று பெயர். பழைய குண்டு டிவி அவற்றை வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். கணினியோ இரண்டையும் பின்னி ஒரே படமாகக் காட்டுகிறது. இரண்டு பாதிக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஓடிவிடுகிறது, அதற்குள் பாட்டி கை நகர்ந்துவிட்டது. தூண் நகரவில்லை, தப்பித்தது.

வி.எல்.சி.யில் 'டீஇன்டர்லேஸ்' வசதி உண்டு. முதலில் 'டிஸ்கார்ட்' போட்டுப் பார்த்தான். பல் போச்சு, கூடவே பாதி அசைவும் போச்சு (ஒரு பாதியைத் தூக்கி எறிந்தால் பின்னே?). கை வெட்டி வெட்டிச் சுற்றியது. பிறகு 'யாடிஃப் 2எக்ஸ்'. இது ஒவ்வொரு பாதியையும் முழுப் படமாக நிரப்பி, நொடிக்கு 50 படம் தருகிறது. இப்போது கை ஓடியது, ஆனாலும் எங்கோ ஒரு சின்ன தடுக்கல்.

அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. மடிக்கணினி டிவிக்கு நொடிக்கு 60 தடவை படம் அனுப்பிக்கொண்டிருந்தது. 50 படத்தை 60 இடத்தில் உட்கார வைத்தால், ஐந்து படத்துக்கு ஒன்று இரண்டு தடவை உட்காரும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 50 ஹெர்ட்ஸ் வைத்தான்.

கேசட் ஏற்றுகிறவர்கள் தயவுசெய்து, டீஇன்டர்லேஸ் செய்யாமல் படத்தின் உயரத்தைக் குறைத்துச் சேமிக்காதீர்கள். இரண்டு பாதியின் வரிகளும் கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. 576 வரியும் அப்படியே இருக்கட்டும்.

பாட்டி கை மூன்று சுற்றும் தடுக்காமல் சுற்றி வந்தது.

"இன்னொரு தடவை போடுடா" என்றார் அம்மா.