இழுத்த இழுப்புக்கு

கையில் மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று மகள் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, அந்த நாயை யாருக்காவது கொடுத்துடுங்க." நான் பதில் சொல்லவில்லை. தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததுபோல், புருனோ என் நாற்காலிக்கு அடியில் காதை மடக்கிக்கொண்டு படுத்திருந்தான்.

எனக்கு வயது 67. மந்தினில் ஒரு தாமானில் தனியாக இருக்கிறேன். புருனோ நான் கேட்டு வாங்கிய நாய் அல்ல. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காலத்தில், பூச்சோங்கில் இருக்கும் மகன் ஆசைப்பட்டு வாங்கினான். வேலைக்குத் திரும்பியதும் பார்த்துக்கொள்ள ஆளில்லை. "ஒரு மாசம் மட்டும்மா" என்று கொண்டுவந்து விட்டான். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. குட்டியாக வந்தவன் இப்போது 28 கிலோ. நான் 51.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். லயத்தில் எங்களுக்கு எப்போதும் நாய் உண்டு, ஆனால் அதற்கு வார் என்று ஒன்று இருந்ததே இல்லை. இருட்டோடு அம்மா பெரட்டுக்குப் போகும்போது கறுப்பன் முன்னால் ஓடும். பால்மரக் காட்டில் பாம்போ காட்டுப்பன்றியோ, அதுதான் முதலில் குரைக்கும். யாரும் அதை நடக்கக் கூட்டிப்போனதில்லை. அதுதான் எங்களைக் கூட்டிப்போனது.

தாமானில் அப்படி விட முடியாது. உரிமம் எடுக்க வேண்டும், வெளியே போனால் வாரில் பிடிக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் மலாய்க்காரக் குடும்பங்கள் இருக்கின்றன. நாய் அவர்கள் மேல் உரசாமல் பார்த்துக்கொள்வது நம் மரியாதை. அதனால் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி இறுக்கிப் பிடிப்பேன். அதுதான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

அன்று காலை ஏழு மணி இருக்கும். மழை விட்டு ரோடு ஈரமாக இருந்தது. சாக்கடையிலிருந்து ஓர் உடும்பு தலையைத் தூக்கியது. அவ்வளவுதான். புருனோ பாய்ந்தான், சுற்றிய வார் என்னையும் சேர்த்து இழுத்தது. காலில் ஜப்பான் சிலிப்பர் வேறு. இடது கையை ஊன்றி விழுந்தேன். முருங்கைக்காய் ஒடிந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது.

எதிர்வீட்டு மாக்சிக் ஓடிவந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார். நாயை அவர் தொடவில்லை. குடையின் வளைந்த பிடியால் வாரைக் கொக்கிபோட்டு இழுத்து, எங்கள் கேட்டில் மாட்டினார். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் கட்டு. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைந்துகொண்டே போகும் என்றார் டாக்டர். இடுப்பெலும்பு தப்பியதே பெரிது என்றும் சொன்னார்.

மகள் புலனத்தில் ஒரு செய்தி அனுப்பினாள். அமெரிக்காவில் வாரில் நாயை நடத்தும்போது எலும்பு முறிந்து அவசரப் பிரிவுக்கு வந்த 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், 2004-இல் சுமார் 1,670 பேராம். 2017-இல் அது ஏறக்குறைய 4,400. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2019-இல் வெளியிட்டது. அதில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். படித்துவிட்டு நானும் பயந்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் மகளுக்குத் தெரியாத கணக்கு ஒன்று என்னிடம் இருந்தது. எனக்கு இனிப்புநீர் உண்டு. புருனோ வருவதற்கு முன் மூன்று மாத சராசரி 9.1. அவனோடு தினமும் முக்கால் மணி நேரம் நடக்கத் தொடங்கி ஒன்றரை வருடத்தில் 7.4-க்கு இறங்கியது. கட்டுப்போட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு எடுத்த பரிசோதனையில் 8.3. கிளினிக் மிஸ்ஸி சீட்டைப் பார்த்துவிட்டு, "என்ன பாட்டி, நடக்கலையா?" என்றார். அவர் இறந்தபின் நான் வாசலைத் தாண்டாமல் கிடந்த மாதங்கள் நினைவுக்கு வந்தன. நாயைக் கொடுத்துவிட்டால் காலையில் என்னை யார் எழுப்புவது?

கட்டு பிரித்த பிறகு சிரம்பானில் ஒரு கால்நடை மருத்துவரிடம் புருனோவைக் கூட்டிப்போனேன். அவர் முதலில் என் கையைத்தான் பார்த்தார். வாரை ஒருபோதும் சுற்றாதீர்கள், உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள், விழப்போகிறோம் என்றால் விரலை விரித்துவிடுங்கள், நாயைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்றார். இழுத்தால் நீளும் வாரையும் தூக்கிப் போடச் சொன்னார். முதுகில் வளையம் உள்ள ஹார்னஸ், நுகத்தடி மாதிரி, நாய் இன்னும் வசதியாக இழுக்குமாம். நெஞ்சில் வளையம் உள்ளதை மாட்டினால், இழுக்கும்போது நாய் நம் பக்கமே திரும்பிவிடும்.

பழக்கியதுதான் கஷ்டம். அவன் இழுத்தால் நான் மரம்போல் நின்றுவிட வேண்டும். வார் தளர்ந்தால் நடக்கலாம், ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல் கிடைக்கும். முதல் நாள் எங்கள் கேட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்குப் போக இருபது நிமிடம் ஆனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். மகன் வந்தபோது கூடவே நடந்து பார்த்து, "நம்ம புருனோவா இது?" என்றான். நம்ம புருனோவாம்!

இப்போது கட்டிப்போட்ட ரப்பர் சப்பாத்து, பகல் வெளிச்சம் வந்த பிறகுதான் நடை. மழை பெய்தால் அன்று லீவு. மகள் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. வாரம் ஒருமுறை என் சப்பாத்தின் அடிப்பாகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறாள்.

போன வாரம் அதே இடத்தில் உடும்பு மறுபடியும் வந்தது. புருனோவின் உடம்பு விறைத்தது. நான் நின்றேன், விரல்கள் விரியத் தயாராக இருந்தன. அவன் உடும்பைப் பார்த்தான், என் ஈரல் பையைப் பார்த்தான், திரும்ப உடும்பைப் பார்த்தான். கடைசியில் பைக்கு வந்தான்.

மாக்சிக் வீட்டு கேட்டில் அந்தக் குடை இன்னும் தொங்குகிறது. வெயில் காலத்தில் எதற்கு என்று கேட்டேன். அது எனக்கு இல்லை, உனக்குத்தான் என்றார்.