வலிக்காத காது நோய்

வேரியபிளுக்குப் பேர் வைக்கிறதுல எங்க ஆளுங்கதான் மோசம்னு நினைச்சிட்டிருந்தேன். மருத்துவத்துல எங்களுக்கு அண்ணன்கள் இருக்காங்க. கொலஸ்டியட்டோமான்னு ஒரு காது நோய். 1838-ல ஜெர்மானியரான யோஹானஸ் முல்லர் வச்ச பேர். கேட்டா கொலஸ்ட்ரால் கட்டின்னு தோணும். உள்ளே இருக்கிறதோ வெறும் தோல். புற்றுநோயும் இல்லை.

எங்க சித்திக்கு இது வந்தப்பதான் தேடிப் படிச்சேன்.

நம்ம தோல் செத்த செல்களை உதிர்த்துக்கிட்டே இருக்கும். காதுல அது மெதுவா வெளிப்பக்கம் நகர்ந்து குறும்பியோட வந்துடும். மூக்குக்குப் பின்னாடியிருந்து நடுக்காதுக்குக் காத்து போற குழாய் சரியா திறக்கலைன்னா, உள்ளே அழுத்தம் குறைஞ்சு, செவிப்பறை உள்பக்கமா இழுபட்டு ஒரு பை மாதிரி ஆயிடும். அந்தப் பைக்குள்ள உதிர்ற தோல் வெளியே வர வழியில்லாம சேர்ந்துகிட்டே போகும். எங்க பாஷையில மெமரி லீக்.

சேர்ற குப்பை சும்மா இருக்காது, பக்கத்து எலும்பை அரிக்கும். பெரும்பாலும் முதல்ல மாட்டுறது நடுக்காதுல இருக்கிற குட்டி பட்டடை எலும்பு. காது மந்தமாகும். அதையும் தாண்டினா தலைசுத்தல், முகவாதம், அரிதா மூளைக்காய்ச்சல் வரைக்கும் போகலாம்.

கொடுமை என்னன்னா, பெரும்பாலும் வலிக்காது. சித்திக்கு வருஷக்கணக்கா காது ஒழுகும், நாத்தமடிக்கும். "வலிச்சாத்தானேடா ஆஸ்பத்திரிக்குப் போகணும்"னு சொல்லிட்டு, சொட்டு மருந்து வாங்கி விட்டுப்பாங்க. ஒழுகல் நிக்கும், பை அப்படியே இருக்கும். கல்யாண வீட்டுல காதுல பஞ்சை அடைச்சுகிட்டு, யாரும் பக்கத்துல வராத ஓர நாற்காலியா பார்த்து உட்காருவாங்க.

மருந்துல இது கரையாது, ஆபரேஷன்தான். காதுக்குப் பின்னாடி எலும்பைக் குடைஞ்சு சுத்தம் பண்ணினாங்க. "மறுபடி நல்லா கேக்குமா?"ன்னு சித்தி கேட்டாங்க. "முதல்ல காதைப் பத்திரமாக்குவோம்மா, கேக்குறது அடுத்தது"ன்னார் டாக்டர். துளி தோல் மிஞ்சினாலும் திரும்ப வளருமாம். அதனால இன்னும் பரிசோதனைக்குப் போய்ட்டு வர்றாங்க. ஒழுகல் நின்னுடுச்சு. மந்தம் போகலை.

உங்க வீட்டுல யாருக்காவது காது நாத்தத்தோட ஒழுகிட்டே இருந்தா, எண்ணெய் காய்ச்சி ஊத்தாதீங்க. வலி வரட்டும்னு காத்திருக்கவும் வேணாம். காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. தனியா அனுப்பாதீங்க, கூடவே போங்க. நாத்தத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, "லேசா அரிக்குது டாக்டர்"னு சொல்லிட்டு வந்துடுவாங்க.